ஒளிந்து தாக்கும் பகையும் நமது ஆராய்ச்சிசாலைகளும்



டில்லியில் சில காலம் குடியிருந்தவர் எவரும் ஓர் அறிவிப்பை மறந்திருக்க முடியாது. ரயில் நிலையத்திலும், கடைத்தெருவிலும், மெட்ரோ வண்டிகளிலும் அது ஓயாமல் ஒலிக்கிறது. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள். கண்டால் போலீசாருக்குத் தெரிவியுங்கள் என்பதே அதன் சாரம். அடிக்கடி கேட்டுப் பழகியதால் நாம் அதைச் செவியில் வாங்குவதும் இல்லை. ஆயினும் அந்த அறிவிப்புக்குப் பின்னால் துயரமான வரலாறு ஒன்று இருக்கிறது.

1985ஆம் ஆண்டு மே மாதத்தில், டிரான்சிஸ்டர் ரேடியோப் பெட்டிகளுக்குள் வெடிமருந்தை அடைத்துத் தலைநகரின் பஸ்களிலும் பொது இடங்களிலும் சிலர் போட்டுச் சென்றனர். ஆதரவற்றுக் கிடந்த ரேடியோவை ஆசையோடு எடுத்துப் பார்த்தவர்கள் வெடிப்பில் மாண்டனர். செய்தியும் பாட்டும் தரும் பெட்டி, எமனின் தூதாக வந்து வாய்த்தது. அன்றாடப் பொருளே ஆயுதமாகக்கூடும் என்ற பாடத்தை டில்லி நகரம் அப்போதுதான் முதன்முதலாகக் கற்றது எனலாம்.

அந்தப் பாடம் எனக்குப் புரிந்தது இருபது ஆண்டுகள் கழித்து. 2005 அக்டோபர் 29ஆம் தேதி, சனிக்கிழமை. தீபாவளிக்கு மூன்று நாட்களே இருந்தன. மொழிபெயர்ப்பாளனாக வேலையில் சேர்ந்து டில்லிக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஊரிலிருக்கும் தமக்கையின் குழந்தைக்குச் சட்டை வாங்குவதற்காகச் சரோஜினி நகர்க் கடைவீதிக்குப் போயிருந்தேன். கூட்டம் தாளவில்லை. விலை படியாமல் ஐந்து மணி சுமாருக்கு வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். ஆறு மணி கடந்த சில நிமிஷங்களில் அந்த வீதியிலேயே குண்டு வெடித்தது. சற்று முன்னர்ப் பகாட்கஞ்சில் ஒன்றும், கோவிந்தபுரியில் ஒரு பஸ்ஸில் ஒன்றும் வெடித்திருந்தன. அன்று 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விலை படிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அன்று நடந்தவற்றுள் கோவிந்தபுரிச் சம்பவம் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். பஸ்ஸில் உரியவர் இல்லாத ஒரு பை கிடந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்திப் பயணிகளை இறக்கிவிட்டார். பிறகு அந்தப் பையை அப்புறப்படுத்த முனைந்தார். பை வெடித்தது. பயணிகள் பலர் பிழைத்தனர். அவரோ கண்பார்வையை இழந்தார். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தூரத்திலிருந்தே அறிய வழியுண்டா? மனிதனுடைய கை படாமல் அதை அகற்ற முடியுமா? இந்த இரு கேள்விகளுக்கும் விடை தேடுவதே இன்று நமது நாட்டு ஆராய்ச்சிசாலைகள் சிலவற்றின் வேலை. அந்த வேலை எத்தகையது, எவ்வளவு தூரம் கைகூடியிருக்கிறது என்பதைச் சற்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தப் போரின் இயல்பு

இரு நாடுகளின் சேனைகள் எதிரெதிர் நின்று பொருதும் போரை நாம் அறிவோம். அங்கே எல்லைக்கோடு உண்டு, சீருடை உண்டு, போர் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் உண்டு. பயங்கரவாதத்தில் இவற்றுள் எதுவும் இல்லை. பகைவன் நம்மைப் போலவே உடுத்தி, நாம் செல்லும் பஸ்ஸிலேயே ஏறி வருகிறான். அவனுடைய ஆயுதம் சாப்பாட்டு டப்பாவிலோ, சைக்கிளிலோ, பழக்கூடையிலோ இருக்கலாம்.

இராணுவ நூல்களில் இதைக் ‘குறைந்த தீவிரப் பூசல்’ என்ற பொருள்படும் தொடரால் குறிப்பர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இத்தொடரைத் தமிழில் எழுதும்போதெல்லாம் பேனா தயங்கும். தீவிரம் குறைந்தது யாருக்கு? சேனாதிபதியின் வரைபடத்தில் அது சிறிய பூசலாகத் தோன்றலாம். மகனை இழந்த தாய்க்கு அப்படித் தோன்றாது.

தமிழ்நாடும் இதற்கு விலக்கன்று. 1991 மே 21ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டார். உடலில் கட்டிய வெடிகுண்டோடு ஒரு பெண் மாலையிட வருவாள் என்று எந்தப் பாதுகாப்பு ஏற்பாடும் எண்ணியிருக்கவில்லை. சிதறிக் கிடந்த துணிக் கிழிசல்கள், கம்பித் துண்டுகள், சின்னஞ்சிறு உருக்குக் குண்டுகள் ஆகியவற்றைச் சேர்த்து ஆராய்ந்து, குண்டு ஒரு மனித உடலில் அணியப்பட்டிருந்தது என்று நிறுவியவர் தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையின் தலைவராயிருந்த டாக்டர் பி. சந்திரசேகரன். 1998 பிப்ரவரி 14ஆம் தேதி கோயமுத்தூரில் அடுத்தடுத்து வெடித்த குண்டுகளால் 58 பேர் மாண்டனர்.

ஆராய்ச்சி நடக்கும் இடம்

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948இல், பௌதிகப் பேராசிரியர் டி. எஸ். கோத்தாரி பாதுகாப்பு அமைச்சரின் விஞ்ஞான ஆலோசகராக நியமிக்கப்பட்டார். 1958இல் பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனம் உருவாயிற்று. அதன் தலைமையகம் புது டில்லியில் இருக்கிறது. வட டில்லியில் திமார்ப்பூர்ப் பகுதியில் அதன் ஆராய்ச்சிசாலைகள் சில அமைந்துள்ளன. அணு மருத்துவம் பற்றி ஒன்று, திண்மநிலைப் பௌதிகம் பற்றி ஒன்று, தீ மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு பற்றி ஒன்று எனத் தனித்தனியே இயங்குகின்றன.

இந்த நிறுவனத்தோடு தமிழர்களுக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. இராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்ட அப்துல் கலாம் 1958இல் முதன்முதலாக வேலையில் சேர்ந்தது டில்லியில், பாதுகாப்பு உற்பத்தித் துறையின் விமானப் பிரிவில்தான். அவரே பின்னர் 1992 முதல் 1999 வரை இந்த நிறுவனத்தின் தலைவரானார். அவருக்கு முன் பத்தாண்டுகள் அப்பதவியை வகித்த வி. எஸ். அருணாசலமும் தமிழரே.

ஏவுகணை, பீரங்கி, விமானம் என்ற பெரிய கருவிகளே முதலில் இந்த நிறுவனத்தின் கவனத்தைக் கவர்ந்தன. பஞ்சாபிலும், காஷ்மீரிலும், வடகிழக்கிலும், தண்டகாரண்யக் காடுகளிலும் மறைமுகப் போர் முற்றிய பிறகு, போலீஸ்காரர் கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறிய கருவிகளுக்கும் இடம் கிடைத்தது. அமெரிக்காவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்கே 1980களில் பல இலாகாக்களும் கூடி, பயங்கரவாதத்தை எதிர்க்கும் கருவிகளுக்கென்றே ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைத்துக்கொண்டன.

கண்டறிதல்

முதல் வேலை, வெடிபொருளை இன்னதென்று அறிவது. புனேயிலுள்ள உயர் ஆற்றல் பொருள்கள் ஆராய்ச்சிசாலை இதற்கென ஒரு சிறிய பெட்டியை உருவாக்கியிருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடத்தைத் துடைத்தெடுத்த துகளின்மீது, பெட்டியிலுள்ள திரவங்களில் சில துளிகளை இடுவர். இரண்டொரு நிமிஷங்களில் நிறம் மாறும். எந்த இன வெடிபொருளுக்கு எந்த நிறம் என்பது வகுக்கப்பட்டிருக்கிறது. நமது பள்ளிக்கூடங்களில் லிட்மஸ் தாள் சிவப்பதையும் நீலமாவதையும் பார்த்திருக்கிறோம் அல்லவா? தத்துவம் ஏறக்குறைய அதுவே. 2021இல் இதே ஆராய்ச்சிசாலையும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் கூட்டாக உருவாக்கிய ‘ரைடர்-எக்ஸ்’ என்னும் கருவி, சற்றுத் தொலைவிலிருந்தே வெடிபொருளை அறியும் நோக்கம் கொண்டது.

இதை அரசாங்கம் ஏன் செய்ய வேண்டும், கடையில் வாங்கினால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு ஈராக் நாட்டின் அனுபவமே விடை. பிரிட்டனைச் சேர்ந்த ஒரு வணிகர், கைப்பிடியும் ஆன்டெனாக் கம்பியும் கொண்ட கருவி ஒன்றை வெடிகுண்டு கண்டறியும் யந்திரம் என்று சொல்லிப் பெருந்தொகைக்கு விற்றார். உள்ளே ஒன்றுமே இல்லை. கோல்ப் பந்து தேடித் தருவதாக விற்கப்பட்ட விளையாட்டுச் சாமானின் மறுபிறப்பு அது. அதை நம்பிப் பாக்தாத் நகரின் சோதனைச் சாவடிகளில் காவலர்கள் வண்டிகளைப் போகவிட்டனர். 2013இல் லண்டன் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மாண்டவர்கள் மீளவில்லை. பொய்க் கருவி, கருவியே இல்லாததைவிடக் கேடு விளைவிக்கும். ஆகவே, கருவியை உருவாக்குவதற்கு இணையாக, அதைச் சோதித்துச் சான்றளிப்பதும் அரசாங்க விஞ்ஞானிகளின் கடமையாகிறது.

அகற்றுதல்

இரண்டாவது வேலை, குண்டைச் செயலிழக்கச் செய்வது. 1972இல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் குண்டு நீக்கும் வீரர்கள் பலர் மாண்டுகொண்டிருந்த சமயம், அதிகாரி ஒருவர் மின்சாரத்தால் ஓடும் தோட்டத் தள்ளுவண்டியின் அடிப்பாகத்தை எடுத்து, தூரத்திலிருந்து இயக்கும் யந்திரமாக மாற்றினார். ‘தள்ளுவண்டி’ என்பதே அதன் பெயராக நிலைத்துவிட்டது. உலகிலுள்ள குண்டு நீக்கும் யந்திரங்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

நமது நாட்டில் புனே பொறியியல் ஆராய்ச்சிசாலை உருவாக்கிய ‘தக்ஷ்’ என்ற யந்திரம் அந்த மரபில் வந்தது. முதல் ஐந்து யந்திரங்கள் 2011 டிசம்பரில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. மின்கலத்தால் ஓடும் இது படிக்கட்டு ஏறும். யந்திரக் கையால் பையைத் தூக்கும். எக்ஸ்ரே எடுத்து உள்ளிருப்பதைக் காட்டும். இயக்குபவர் சில நூறு மீட்டர் தொலைவில் பத்திரமாக அமர்ந்து, கம்பியில்லாத் தொடர்பால் அதை நடத்துவார்.

குண்டு என்று தெளிந்தால், அதன்மீது தண்ணீரை மிகுந்த வேகத்தோடு பாய்ச்சுவர். தண்ணீர் எப்படிக் குண்டை வெல்லும் என்று வியப்புத் தோன்றலாம். மின்கலம், கம்பி, வெடிதூண்டி, வெடிமருந்து ஆகிய நான்கும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும்வரைதான் அது குண்டு. மின்சாரம் வெடிதூண்டியைச் சென்றடையுமுன், தண்ணீரின் வேகம் அந்த இணைப்பைப் பிய்த்தெறிந்துவிடுகிறது. எஞ்சுவது சிதறிய உதிரிப் பாகங்களே.

தடுத்தலும் அடக்குதலும்

ரேடியோ அலையாலும் செல்பேசியாலும் தூரத்திலிருந்து குண்டை வெடிக்கச் செய்யும் முறை வந்தபோது, அந்த அலையைக் குழப்பும் ‘ஜாமர்’ கருவிகள் வந்தன. நாம் பேசும் அறையில் ஒருவர் பெருஞ்சத்தம் எழுப்பினால் பேச்சுக் கேட்காது அல்லவா? குண்டிலுள்ள ஏற்பியும் அவ்வாறே தனக்குரிய கட்டளையைக் கேட்க முடியாமல் போகிறது. தலைவர்களின் வாகன வரிசையோடு இத்தகைய வண்டி செல்வதை டில்லிச் சாலைகளில் காணலாம்.

அடுத்து வந்தது வானத்து அபாயம். 2021 ஜூன் 27ஆம் தேதி, ஜம்முவிலுள்ள விமானப்படை நிலையத்தின்மீது சிறிய டிரோன்கள் வெடிபொருளை இட்டன. இதை ஓரளவு முன்கூட்டியே எதிர்பார்த்து, 2020 சுதந்திர தினத்தன்று செங்கோட்டையருகே, டிரோன்களைக் கண்டறிந்து தடுக்கும் உள்நாட்டுச் சாதனம் நிறுத்தப்பட்டிருந்தது. மூன்று கிலோமீட்டர் வரை உள்ள சிறு டிரோனைக் கண்டு, அதன் கட்டளை அலையை அது குழப்பும். தேவையானால் லேசர் ஒளியால் அதைச் சுட்டு வீழ்த்தும்.

பகைவனை எதிர்க்கும் கருவி வேறு, சினங்கொண்ட குடிமக்கள் கூட்டத்தைக் கலைக்கும் கருவி வேறு. இந்த வேறுபாட்டை மறந்தால் அரசாங்கமே பகைவனின் வேலையைச் செய்துவிடும். அசாமிலுள்ள தேஜ்பூர் ஆராய்ச்சிசாலை, அப்பகுதியில் விளையும் ‘பூத் ஜோலோகியா’ மிளகாயைக் கொண்டு புகைக் குண்டு செய்தது. 2007இல் உலகிலேயே மிகக் காரமானதாகப் பதிவுபெற்ற மிளகாய் அது. காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவையில் அது 10 லட்சத்தைத் தாண்டும். கண்ணும் மூக்கும் எரியுமேயன்றி உயிர் போகாது என்பதே நோக்கம்.

2016இல் காஷ்மீரில் பெல்லட் துப்பாக்கியால் இளைஞர், சிறுவர் பலரின் கண்கள் பாழானபோது நாடெங்கும் வேதனை எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில், லக்னோவிலுள்ள நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘பாவா’ என்னும் குண்டுக்கு மத்திய அரசாங்கம் அனுமதி அளித்தது. அதுவும் மிளகாய்க் காரத்தைச் சேர்ந்த ரசாயனமே. ஆயினும் களத்தில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பெல்லட் துப்பாக்கி முற்றிலும் விலக்கப்படவும் இல்லை. ஆராய்ச்சிசாலையில் வெற்றி பெறுவதெல்லாம் தெருவில் வெற்றி பெற்றுவிடாது என்பதற்கு இது சான்று.

கருவி மட்டும் போதுமா?

2008 நவம்பர் 26ஆம் தேதி இரவு, கடல் வழியாக வந்த பத்துப் பேர் மும்பை நகரைத் தாக்கினர். 166 பேர் மாண்டனர். தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்கள் டில்லிக்கு அருகே மானேசரில் இருந்தனர். அவர்கள் விமானம் ஏறி மும்பை சேர்வதற்குள் மறுநாள் காலை புலர்ந்துவிட்டது. வீரமும் ஆயுதமும் இருந்தன. உரிய வேளையில் உரிய இடத்தில் இல்லை. அதன் பிறகுதான் மும்பை, சென்னை, கல்கத்தா, ஹைதராபாத் நகரங்களில் அப்படையின் கிளைகள் 2009இல் அமைந்தன. கடற்கரை நெடுகிலும் முதற்கட்டமாக 46 ரேடார் நிலையங்கள் நிறுவப்பட்டன. மீனவர்களுக்கு விரல்ரேகை பதிந்த அடையாள அட்டைகளும் வழங்கப்பட்டன.

இன்னொரு நிகழ்ச்சி மிக அண்மையது. 2025 நவம்பர் 10ஆம் தேதி மாலை, செங்கோட்டை மெட்ரோ நிலையத்தருகே கார் ஒன்று வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தனர். அவ்வழக்குத் தொடர்பாகக் கைப்பற்றிய வெடிபொருளை ஸ்ரீநகருக்கருகே நௌகாம் போலீஸ் நிலையத்தில் வைத்திருந்தனர். நான்கு நாட்களுக்குப் பின், அதிலிருந்து மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது அது தற்செயலாக வெடித்தது. தடய அறிவியல் ஊழியர்களும் போலீசாரும் மாண்டனர். சதி என்று எவரும் இல்லை. அன்றாடக் கடமையில் நேர்ந்த சாவு. வெடிபொருளைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. அதைக் கையாள்வதும், காப்பதும், அழிப்பதும் ஆராய்ச்சிக்குரியவையே. சிற்றூர்ப் போலீஸ் நிலையம்வரை அந்தப் பயிற்சியும் கருவியும் சென்று சேர வேண்டும். தலைநகரின் அணிவகுப்பில் காட்சிக்கு வைக்கப்படும் யந்திரம், மாவட்டத் தலைநகரில் இல்லையென்றால் அதனால் யாருக்குப் பயன்?

அயலூரில் வாழும் நாம்

இதுவரை கூறியதில் நமக்கென்று ஒரு தனி அக்கறையும் உண்டு. நம்மில் பலர் பிழைப்புக்காகப் பிற மாநிலங்களில் வாழ்கிறோம். எங்கேனும் குண்டு வெடித்த மறுநாள், மொழி புரியாதவனையும், முகம் பழக்கமில்லாதவனையும் ஊரார் ஐயக்கண்ணோடு நோக்குவது இயல்பு. ஸ்ரீபெரும்புதூர்ச் சம்பவத்துக்குப் பிறகு தமிழ் பேசியதற்காகவே வீடு கிடைக்காமல் அலைந்ததாக, கரோல் பாகில் நெடுநாள் குடியிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். காஷ்மீரத்து மாணவனும், வடகிழக்கிலிருந்து வந்த பெண்ணும் இன்று அதே அனுபவத்தைக் கூறுகிறார்கள்.

இங்கேதான் நல்ல விஞ்ஞானத்தின் மேன்மை விளங்குகிறது. துகளின்மீது விழும் ரசாயனத் துளி, அதைச் சுமந்து வந்தவனின் மொழியைக் கேட்பதில்லை, மதத்தை விசாரிப்பதில்லை. வெடிபொருள் இருந்தால் நிறம் மாறும், இல்லாவிட்டால் மாறாது. சரியான கருவி பெருகப் பெருக, முகத்தைப் பார்த்து ஐயுறும் வழக்கம் குறைய இடமுண்டு. ஆனால் மக்களின் பேச்சையும் நடமாட்டத்தையும் ஓயாமல் வேவு பார்க்கும் கருவிகள் அப்படிப்பட்டவை அல்ல. யாரைப் பார்ப்பது என்று தீர்மானிப்பவர் மனிதரே. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அத்தகைய கருவிகள் அந்த எல்லைக்குள் நிற்பதைச் சட்டமும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, நம் கையில் இருப்பது என்ன? உரியவர் இல்லாத பையைக் கண்டால் தொடாதிருப்பது. அருகிலிருப்பவரை விலகச் சொல்வது. அந்த இடத்தருகே செல்பேசியைப் பயன்படுத்தாமல், தள்ளிச் சென்று 112 என்ற எண்ணுக்குத் தெரிவிப்பது. ரயிலில் ஆனால் 139. மொழி தெரியாவிட்டாலும் இடத்தின் பெயரைச் சொன்னால் போதும். கோவிந்தபுரி பஸ் ஓட்டுநர் தம் கைகளால் செய்ததை யந்திரம் செய்யும் காலம் வந்துவிட்டது. அந்த யந்திரம் வந்து சேரும்வரை மக்களை விலக்கி நிறுத்துவது மட்டும் இன்னும் மனிதரின் வேலையாகவே இருக்கிறது. அவர் முதலில் செய்ததும் அதுதான்.